தக்காளியும் மாத்திரையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தக்காளி சாப்பிட்டால் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் வராது என்கிற தொனியில் உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன், சமைத்துக் கொஞ்சம் எண்ணெயோடு சாப்பிடும்போது உடம்பில் நன்றாகச் சேரும், அது சரி. ஆனால் அது புற்றுநோயைத் தடுக்கிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது மாத்திரைகள்தான். வைட்டமின் ஈ-யும் செலினியம் என்ற தாதுச்சத்தும் இந்த நோயைத் தடுக்குமா என்று பார்க்க, 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து 2001-ல் செலெக்ட் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். பலன் தெரியவில்லை என்று 2008-ல் மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். அப்புறமும் தொடர்ந்து கண்காணித்ததில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 17 சதவீதம் கூடுதலாக இந்தப் புற்றுநோய் வந்திருந்தது 2011-ல் வெளியானது. நல்லது என்று நம்பி விழுங்கியது!

அதற்காகக் காய்கறியும் பழமும் வீண் என்று சொல்ல வரவில்லை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு முற்றிய நிலைப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். எடையைக் கட்டுக்குள் வைக்கும் சாப்பாடு எதுவானாலும் நல்லதுதான், இதயத்துக்கும் சேர்த்து. ஆனால் வயதையும் பரம்பரையையும் தட்டில் இருப்பது மாற்றாது. அடுத்த முறை இப்படிக் குறிப்பு போடும்போது, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தவர்கள் இதைக் கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள் என்று ஒரு வரியாவது சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்