கச்சேரி மேடையில் ஸ்டாண்டு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

38 வருஷமாகக் கர்நாடக சங்கீதக் கச்சேரிகளுக்கு வயலின் வாசிக்கிறேன். இப்போதெல்லாம் பாடகருக்கு முன்னால், மைக்குக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டாண்டு, அதில் பாட்டு வரிகளைக் காட்டும் ஐபேட். மார்கழியில் பல மேடைகளில் இதுதான் காட்சி.

போன சீசனில் ஒரு சபாவில் தோடி ராகப் பாட்டுதான் பிரதானம். நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது), ஸ்வரம் எல்லாம் அமர்க்களமாக முடிந்து, சரணத்தின் மிச்ச வரிகளை எடுக்க வேண்டிய இடத்தில் திரை அணைந்துவிட்டது. பாடகர் விரலால் தட்டுகிறார், தட்டுகிறார், வரவில்லை. மிருதங்கக்காரர் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, வாசித்து இடத்தை நிரப்பினார். நான் அந்த வரியை மெல்ல வாசித்து எடுத்துக் கொடுத்தேன். குருவிடம் முறையாகக் கற்ற நல்ல பாடாந்தரம் உள்ளவர்தான். குனிந்து பார்த்தே பழகியதில் நினைவு கைவிட்டுவிட்டது. அன்று அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. நிரவலில் பாடகர் எங்கே நிறுத்துவார், எப்போது வேகம் கூட்டி மேல்காலத்துக்குப் போவார் என்பதை அவர் கண்ணைப் பார்த்துத்தான் பிடிப்போம். அந்தக் கண் திரையிலேயே இருந்தால் நாங்கள் எதைப் பார்த்து வாசிப்பது?

மேற்கத்திய இசைக் குழுவில் இருபது வயலின்கள் எழுதியதை ஒன்றாக வாசிக்கின்றன. அங்கே ஸ்டாண்டு அவசியம். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின்போது புத்தகம் வைத்துக்கொண்டு பஞ்சரத்தினம் பாடுபவர்களையும் குறை சொல்ல மாட்டேன், அது பலர் சேர்ந்து பாடும் கோஷ்டி கானம். தள்ளாத வயதில் மடியில் நோட்டு வைத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும் இது பொருந்தாது.

சபாக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இளம் பாடகர்களிடம் பிரதான உருப்படியை, அதாவது கச்சேரியின் முக்கியப் பாட்டையாவது திரையில்லாமல் பாடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வயலின் கலைஞர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை