தெளிக்கும் ட்ரோனுக்குக் களையும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து வயலில் களையைக் கண்டுபிடிக்கும் என்று அடிக்கடி செய்தி வருகிறது. மன்னார்குடிப் பக்கம் பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர் நிலத்தில் சம்பா போடுகிறவன் நான். எனக்கு அது அவசரமாகத் தேவைப்படுகிறது.

ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியாமல் இங்கே பலரும் நாற்று நடாமல் காய்ந்த புழுதியிலேயே விதையைத் தூவும் நேரடி விதைப்புக்கு வந்துவிட்டோம். நடவு வயலில் நாற்று முந்திக்கொள்ளும், நிற்கும் தண்ணீரும் களையை அமுக்கும். புழுதியில் விதைத்தால் நெல்லும் புல்லும் சேர்ந்தே முளைக்கின்றன. புல் இரண்டு மூன்று இலையோடு இருக்கும்போதே, விதைத்த 15 முதல் 20 நாளுக்குள் களைக்கொல்லி மருந்து அடித்தாக வேண்டும். பிந்தி அடித்தால் புல் மஞ்சளாகிவிட்டு மறுபடி தலைதூக்கும்.

போன வருஷம் வாடகை ட்ரோன் வைத்து அடித்தேன். ஏக்கருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் களை இருந்ததோ தண்ணீர் ஏறாத மேட்டுத் திட்டுகளில், மூன்று மாவுக்குள்தான். மருந்து பன்னிரண்டு மாவுக்கும் விழுந்தது. முதலில் ஒரு ட்ரோன் பறந்து படம் எடுத்து, களை இருக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால் அங்கே மட்டும் அடிக்கலாமே! செலவு மிச்சம், வாய்க்காலில் இறங்கும் விஷமும் குறையும்.

வரிசையில் நிற்கும் மக்காச்சோளத்தில் நடுவே பச்சை தெரிந்தாலே களை என்று கம்ப்யூட்டர் பிடித்துவிடும். கைவிதைப்பு நெல்லில் வரிசை ஏது? அதிலும் குதிரைவாலிப் புல் என்கிற களை இளசில் பார்க்க நெல்லேதான். எங்கள் வயலுக்குக் களை பறிக்க வரும் பெரியம்மா ஒருநாள் இரண்டையும் பிடுங்கி, இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துக் காட்டினார். நெல்லில் அங்கே வெள்ளையாக, மெல்லிய நாக்கு மாதிரி ஒரு சவ்வு. புல்லில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது. அவருக்குப் பிடுங்கிப் பார்க்கவே வேண்டாம். "நடுநரம்பு வெளுத்துக் கிடக்கு பாரு தம்பி" என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறார்.

கம்ப்யூட்டர், காட்டிய படத்தை வைத்துத்தான் கற்றுக்கொள்ளும். எங்கோ சோளக் காட்டில் எடுத்த படங்களில் பழகியது எங்கள் களிமண் வயலில் தடுமாறத்தான் செய்யும். ஆகவே வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண்மைத் துறையும் டெல்டாவின் நேரடி விதைப்பு வயல்களைப் பதினைந்தாம் நாளில் படம் எடுக்க வேண்டும். எது நெல், எது புல் என்று குறிக்கும் வேலையைப் பெரியம்மா மாதிரி களை பறிக்கும் பெண்களுக்கே, முறையான கூலியோடு கொடுக்க வேண்டும். மத்திய அரசு 2023-இல் அறிவித்த திட்டத்தில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் என்றார்கள்; உரமும் மருந்தும் தெளிக்கத்தான். அதோடு களை பார்க்கும் கேமராவும் பயிற்சியும் சேர்த்துக் கொடுங்கள். களை தெரிந்தவர்கள் கையிலேயே கருவியும் இருக்கும்.

வரும் ஆவணியில் மறுபடி புழுதியில் விதைக்கப்போகிறேன். படம் எடுக்க வருவதானால் என் வயலுக்கே வரலாம். கூட வந்து களை காட்டப் பெரியம்மாவும் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்