ரத்த ஒட்டுண்ணி வளர்ப்புக்குக் கொடைமாடுகளும் பணியாளரும் வேண்டி மனு

அனுப்புநர்
கால்நடை மருத்துவர்,
ரத்த ஒட்டுண்ணிப் பிரிவு,
கால்நடை நோய் ஆய்வகம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை.

பொருள்: பேபீசியா ஒட்டுண்ணியை ஆய்வகப் பாத்திரத்தில் வளர்க்க, ரத்தம் கொடுக்கும் நோயற்ற மாடுகளும் நிரந்தரப் பணியாளர்களும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உண்ணிகள் பரப்பும் பேபீசியா ஒட்டுண்ணியை எங்கள் ஆய்வகம் இன்றும் கன்றுகளின் உடலில்தான் காத்துவருகிறது. கன்றின் மண்ணீரலை அறுத்து நீக்கி, ஒட்டுண்ணியை ஏற்றி, காய்ச்சல் முற்றிச் சிறுநீர் சிவக்கும் வேளையில் ரத்தம் எடுக்கிறோம். எல்லாக் கன்றுகளும் பிழைப்பதில்லை. இதன் ஓர் இனமான பேபீசியா போவிஸை மாட்டின் சிவப்பணுக்களில், ஆய்வகக் கலத்திலேயே (பாத்திரத்திலேயே) தொடர்ந்து வளர்க்கலாம் என்று ஆய்வாளர்கள் லெவியும் ரிஸ்டிக்கும் 1980-இலேயே காட்டிவிட்டார்கள்.

கருவிகள் கேட்டு இதை எழுதவில்லை. இன்குபேட்டர் இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது. இல்லாதவை நல்ல ரத்தமும், விடுமுறை நாளிலும் வரக்கூடிய ஆளும்தான்.

கழுவிய சிவப்பணுக்களை எம்-199 என்னும் ஊட்டக் கரைசலில் (ஊடகத்தில்) இட்டு, ஏறத்தாழ 40 விழுக்காடு மாட்டுச் சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில், ஆக்சிஜன் குறைந்த காற்றில் அசையாமல் வைக்க வேண்டும். நாள்தோறும், அடியில் படிந்த சிவப்பணுப் படலம் கலங்காதபடி மேல்நீரை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புது ஊடகம் விட வேண்டும். படலம் கறுத்திருந்தால் வளர்ச்சி நன்றாக இருக்கிறது என்று கண்ணாலேயே ஊகிக்கலாம். உறுதிசெய்ய ஜிம்சா சாயமிட்ட ரத்தப்பூச்சு வேண்டும். ஒட்டுண்ணி பெருகியதும் புதுச் சிவப்பணுக்களைக் கொடுத்து வேறு கலங்களுக்குப் பிரிக்க வேண்டும். ஒட்டுண்ணிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒப்பந்தப் பணியாளருக்கோ வேலை நாள்களில் மட்டுமே அனுமதி.

ரத்தத்தின் சிக்கல் இன்னும் பெரிது. பேபீசியாவைக் கொல்லும் இமிடோகார்ப் ஊசி போட்ட மாட்டின் உடலில் மருந்து வாரக்கணக்கில் தங்கும். அதன் சீரம் வளர்ப்பையே அழித்துவிடக்கூடும். நோயிலிருந்து மீண்ட மாட்டின் சீரத்தில் ஒட்டுண்ணியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். இவ்விரண்டும் இல்லாத மாடுகளிலும் சிலவற்றின் சீரத்தில் ஒட்டுண்ணி செழிப்பதில்லை. ஆகவே பண்ணையில் கழித்த மாடுகளை அனுப்பிவைத்தால் பயன் இல்லை. பரிசோதித்துத் தேர்ந்த மாடுகளை உண்ணி அண்டாத தொழுவத்தில் தனியே பராமரிக்க வேண்டும்.

சீரம் இல்லாத ஊடகங்கள் வந்துவிட்டனவே என்று கோப்பில் யாராவது குறிப்பெழுதலாம். உண்மைதான். அவற்றிலும் சிவப்பணு இல்லாமல் பேபீசியா வளராது. அது மாட்டிடமிருந்துதான் வர வேண்டும். உண்ணிகள் பரப்பும் இன்னொரு மாட்டு ஒட்டுண்ணியான தைலேரியா அனுலேட்டாவின் கதை வேறு: தான் புகுந்த வெள்ளணுவையே ஓயாமல் பெருகவைத்து அதனுடன் தானும் பெருகுவதால், அதற்கு அன்றாடம் ரத்தம் தேட வேண்டியதில்லை. அப்படிப் பலமுறை மாற்றி வளர்த்து வீரியம் குறைத்த செல்களே அந்நோய்க்குத் தடுப்பூசியாகின்றன.

பேபீசியா வளர்ப்பு நிலைபெற்றால், களத்திலிருந்து வரும் ஒட்டுண்ணி இமிடோகார்ப், டிமினசீன் மருந்துகளுக்கு எந்த அளவில் அடங்குகிறது என்று கலத்திலேயே பார்க்கலாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் எலிசா சோதனைக்கான ஆன்டிஜனையும் (ஒட்டுண்ணியின் புரதப் பொருள்) இங்கேயே தயாரிக்கலாம். கன்றுகளே தேவைப்படாது என்று சொல்ல மாட்டேன். நெடுநாள் கலத்தில் வளர்ந்த ஒட்டுண்ணி வீரியம் இழக்கலாம் என்பதால், தடுப்பூசிச் சோதனைக்கு அவை வேண்டியிருக்கும். ஒட்டுண்ணியை உயிரோடு வைத்திருப்பதற்காக மட்டும் கன்றின் மண்ணீரலை அறுப்பதை நிறுத்தலாம்.

எனவே, கொடைமாடுகள் ஆறும் அவற்றுக்கான தொழுவமும், வார இறுதியிலும் முறைமாற்றிப் பணிபுரிய இரண்டு நிரந்தரத் தொழில்நுட்பப் பணியாளர்களும், மாதிரிகளை உறையவைத்துக் காக்கத் தடையில்லாத திரவ நைட்ரஜனும் ஒப்பளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மூன்றையும் ஒரே ஆணையில் தர இயலாவிட்டால், மாடுகளை முதலில் தாருங்கள். அவற்றைப் பரிசோதித்துத் தேர்வுசெய்யவே காலம் பிடிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கால்நடை மருத்துவர்,
ரத்த ஒட்டுண்ணிப் பிரிவு.