குடியிருப்போர் நலச் சங்கம்: பாதுகாப்பு குறித்த செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள குடியிருப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். குடிநீர், சாலை தொடர்பான பணிகள் துணைச் செயலாளரின் அறிக்கையில் இடம்பெற்றுள்ளன. ஆகவே, இந்த ஆண்டில் செயற்குழுவின் நேரத்தையும் கவலையையும் மிகுதியாக எடுத்துக்கொண்ட பாதுகாப்பைப் பற்றி மட்டுமே இவ்வறிக்கையில் பேசுகிறேன்.

நம் பகுதியில் குற்றம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று ஏறக்குறைய எல்லா மாதக் கூட்டங்களிலும் யாராவது ஒருவர் கேட்டார். இதற்கு ஒரு சதவீதத்தைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். குற்ற விகிதம் என்பது பெரும்பாலும் ஒரு லட்சம் மக்களுக்கு இத்தனை குற்றங்கள் என்று கணக்கிடப்படுவது. ஒரு நகரத்துக்குப் பொருள் தரும் அந்தக் கணக்கு, சில தெருக்கள் மட்டுமே கொண்ட குடியிருப்புக்குப் பொருந்துவதில்லை. இரண்டு திருட்டுகள் மறு ஆண்டில் மூன்றானால் அது 50 சதவீத உயர்வு. மூன்று இரண்டானால் 33 சதவீதச் சரிவு. இரண்டுமே தற்செயலாக நிகழக்கூடியவை. அவற்றை வைத்து அஞ்சுவதும் தவறு, நிம்மதி கொள்வதும் தவறு.

மேலும், காவல் நிலையத்தின் பதிவேட்டில் இருப்பவை புகார் கொடுக்கப்பட்ட குற்றங்கள் மட்டுமே. செயற்குழு வீடு வீடாகச் சென்று கேட்டபோது, சைக்கிளைப் பறிகொடுத்தவர்களும், மோட்டார் அறைப் பூட்டு உடைக்கப்பட்டிருந்ததைக் கண்டவர்களும், "போனது திரும்பவா வரப்போகிறது" என்று பேசாமல் இருந்துவிட்டது தெரியவந்தது. இது நம் பகுதிக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. பதிவேட்டுக்கு வராத குற்றங்களை அறிவதற்காகவே அமெரிக்காவில் 1973 முதலும், இங்கிலாந்தில் 1982 முதலும் மக்களிடம் நேரில் கேட்டுக் கணக்கெடுக்கும் முறை நடைமுறையில் உள்ளது. சிறிய இழப்பையும் புகாராகக் கொடுங்கள் என்று நாம் இந்த ஆண்டு வற்புறுத்தியிருக்கிறோம். அதன் விளைவாக வரும் ஆண்டில் பதிவுகள் கூடினால், உறுப்பினர்கள் அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

எண்ணிக்கையை விட நமக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரு பின்கதவு. தனியாக வசிக்கும் மூத்த உறுப்பினர் ஒருவரின் வீட்டில், அவர் மருத்துவரைப் பார்க்கச் சென்றிருந்த பகல் வேளையில், அந்தக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள். மறுநாள் நானும் தலைவரும் சென்று பார்த்தோம். பூட்டு பழுதில்லாமல் அப்படியே இருந்தது. தாழ்ப்பாளை நிலைச்சட்டத்தோடு பிடித்திருந்த திருகாணிகள்தாம் மரத்தூளோடு பெயர்ந்து தரையில் கிடந்தன. ஒவ்வொன்றும் விரல் நகத்தின் நீளம்கூட இல்லை. விலை உயர்ந்த பூட்டை அந்தச் சிறு திருகாணிகளை நம்பித்தான் மாட்டியிருந்தார்கள். அந்த அம்மா அதன்பின் பல இரவுகள் அந்தக் கதவைப் பார்த்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னபோது, எங்களுக்குப் பேச்சு வரவில்லை. பொருள் இழப்பைப் பட்டியலில் எழுதலாம், இந்த இழப்பை எந்தப் பட்டியலில் எழுதுவது?

ஒருமுறை திருடு போன வீட்டில் இனி எதற்கு வரப்போகிறார்கள் என்பது நம்மில் பலரின் எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது. உள்ளே நுழைந்தவனுக்கு வழியும் தெரியும், விட்டுச் சென்ற பொருளும் தெரியும். ஆகையால் அடுத்த சில வாரங்களில் அதே வீட்டுக்கும் அதை ஒட்டிய வீடுகளுக்குமே ஆபத்து அதிகம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் உள்ள கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980களின் பிற்பகுதியில் இந்த ஒரு செய்தியை அடிப்படையாகக் கொண்டே வேலை செய்தார்கள். திருட்டு நடந்த வீட்டின் கதவு சன்னல்களை உடனே பலப்படுத்தினார்கள். சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரை அந்த வீட்டின் மீது ஒரு கண் வைத்திருக்கச் செய்தார்கள். அங்கே வீட்டுத் திருட்டுகள் பாதிக்கும் கீழே குறைந்தன.

நாமும் அவ்வாறே செய்ய முடிவெடுத்தோம். அந்த அம்மாவின் வீட்டில் நிலைச்சட்டத்தின் ஆழம் வரை இறங்கும் நீண்ட திருகாணிகள் போடப்பட்டன. பக்கத்து, எதிர், பின்புற வீட்டார் ஒரு மாத காலம் முறை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் குரல் கொடுத்துச் சென்றார்கள். அவர் இப்போது இரவில் தம் அறையில்தான் உறங்குகிறார். இந்த ஆண்டின் பணிகளில் எனக்கு முழு நிறைவைத் தந்தது இது.

தெருவிளக்குகளைப் பொறுத்தவரை, நியூயார்க் நகரில் 2016இல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த குடியிருப்புகளில் கூடுதல் விளக்குகளை வைத்துப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தன. நம்மிடம் விளக்குகள் இருக்கின்றன. பல இடங்களில் அவற்றின் வெளிச்சம் மரக்கிளைகளுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. கிளைகளைக் கழிக்கும் வேலை பாதி முடிந்துள்ளது.

கேமரா விஷயத்தில் சங்கத்தின் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். மேற்படி திருட்டுக்குப் பின் காவலர்கள் பதிவைக் கேட்டபோது, கருவியின் கடிகாரம் தவறான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது; தேவையான நாளின் பதிவு ஏற்கெனவே அழிந்திருந்தது. மாதந்தோறும் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு இப்போது ஒருவரிடம் எழுத்து வடிவில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கேமராவால் மிகத் தெளிவான பலன் கிடைத்திருப்பது வாகன நிறுத்துமிடங்களில் என்பதால், புதிதாக வாங்குவதானால் அங்கிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முகவரி தேடி நின்ற ஓர் இளைஞரின் புகைப்படம் நமது வாட்ஸ்அப் குழுவில் "சந்தேக நபர்" என்று பரவி, அவர் நுழைவாயிலில் நிறுத்தி வைக்கப்பட்டார். பொட்டலம் கொடுக்க வந்தவர் அவர். கையிலிருந்த பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த நம் தெருப் பெயரை மீண்டும் மீண்டும் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டோம். முன்பின் தெரியாத முகம் என்பது குற்றத்துக்கு ஆதாரம் ஆகாது. இனி எவருடைய படத்தையும் குழுவில் பகிரக்கூடாது, ஐயம் எழுந்தால் நேரில் கேட்பது அல்லது காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது என்ற செயற்குழுத் தீர்மானத்தை இந்தப் பொதுக்குழு உறுதிசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பட்டியல் இன்னும் முழுமை பெறவில்லை. வெளியூர் செல்வோர் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செல்லும்படியும், கிளை கழித்தல், பின்கதவுச் சோதனை ஆகிய இரண்டுக்கும் தெருவுக்கு ஒருவர் இன்றே பெயர் கொடுக்கும்படியும் வேண்டி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

தங்கள் பணியில்,
செயலாளர்