படோக் இன்னும் பூக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான், பாட்டி, பாப்பா எல்லாரும் நலம். உன் நலத்தையும் உடம்பு நிலையையும் அறிய ஆவல். போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் லைன் அறுந்துபோகிறது. அறுந்ததா, நீயே வைத்துவிட்டாயா என்பதும் சில நாள் தெரிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா இதைப் படம் எடுத்து அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அடித்து அனுப்பியது இப்போது உதவுகிறது பார்.

பாப்பா ஒரு விஷயம் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான் கேட்டுத்தான் சொன்னாள். நீ ராத்திரியெல்லாம் நண்பர்களோடு அரட்டையில் இருக்கிறாயாம். இங்கிலாந்தில் ஒரு பையன், கனடாவில் ஒரு பெண், சிங்கப்பூருக்குப் போன நம் தட்டோன் ராஜாவும் உண்டாம். பேச்செல்லாம் பூவும் விண்வெளித் தொடரும்தானாம். வசந்தம் வந்து அவரவர் ஊரில் என்ன பூத்தது என்று படம் போடுவீர்களாம், அப்புறம் எந்தத் தொடர் உசத்தி என்று வாதாடுவீர்களாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். யாரோடாவது பேசுகிறானே என்று பாட்டியிடமும் சொன்னேன். ஜப்பானில் உங்கள் ஊரில் ராத்திரி ஒரு மணி என்றால் இங்கே ரங்கூனில் பத்தரை. அந்த நேரத்துக்கு நானும் விழித்துத்தான் இருக்கிறேன் தம்பி.

சரி, அதை விடு. ராத்திரி கண் விழிக்காதே. முதியோர் இல்லத்தில் ஆளைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, படுக்கவைக்கிற வேலை. தூக்கம் இல்லாமல் செய்தால் இடுப்பு போய்விடும். மூன்று வேளையும் சோறு சாப்பிடு. கடையில் விற்கிற அந்தக் கப் நூடுல்ஸிலேயே காலத்தை ஓட்டாதே.

பூவைப் பற்றிய பேச்சு என்றால் எனக்கும் சொல்ல இருக்கிறது. இங்கிலாந்துப் பையன் பனி விலகும் முன்பே ஸ்னோடிராப் பூத்தது, அப்புறம் க்ரோக்கஸ், இப்போது டாஃபடில் என்று வரிசையாகப் போடுகிறானாம். குளிரில் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து வெளியே வருகிற பூக்கள் அவை. அவனிடம் சொல், நம் ஊர் வசந்தம் வேறு மாதிரி. இங்கே வெயில் ஏற ஏறத்தான் பூ. மாசியிலேயே இலவ மரம் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்பாய்ப் பூத்துத் தரையெல்லாம் கொட்டியது. மேல் பர்மாவில் அதைப் பொறுக்கிக் காயவைத்துக் குழம்பில் போடுவார்கள் என்று மைத்திலா அத்தை சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இப்போது கொன்றை தொங்குகிறது. உன் பள்ளிக்கூடத்து மதில் ஓரமாக இருந்த மரத்தை வெட்டிவிட்டார்கள், அதற்கு அடுத்தது இருக்கிறது.

படோக் மரம்தான் இன்னும் பூக்கவில்லை. தண்ணீர்த் திருவிழா நெருங்கிவிட்டது, நமக்கும் வருஷம் பிறக்கப்போகிறது, வானத்தில் ஒரு மேகம் இல்லை. முதல் மழை விழுந்தால்தான் அது வாய் திறக்கும். திறந்தால் ஊர் முழுக்க ஒரே நாளில் மஞ்சள், மறுநாள் எல்லாம் ரோட்டில். பர்மியப் பெண்கள் தலைக்கு வைத்தது வாடும் முன்னே பருவமே முடிந்துவிடும். இன்னொன்றும் உன் நண்பர்களிடம் சொல்லலாம். படோக்கும் நம் தமிழ்நாட்டு மலைகளில் வளர்கிற வேங்கையும் நெருங்கிய சொந்தம். சங்கப் பாட்டில் பொன் நிறமாய்ப் பூத்து, பாறை மேல் உதிர்ந்து கிடந்தால் புலி படுத்திருப்பதுபோலத் தெரியும் என்கிறார்களே, அதே வேங்கை. உன் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்து இறங்கிய இடத்திலும் அதன் தங்கச்சி மரம் நின்றிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

இதையெல்லாம் பாப்பாவிடம் சொல்லிவிட்டு, அண்ணன் என்ன பூப் படம் போட்டான் என்று கேட்டேன். அவள் வாயே திறக்கவில்லை. நீ ஒன்றுகூடப் போடவில்லையாம். எல்லார் படத்தையும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறாயாம், உன் படம் ஒன்றுகூட இல்லையாம். நகோயாவில் இருந்துகொண்டு செர்ரிப் பூ பார்க்காத ஆள் உண்டா தம்பி? அங்கே குறிப்பிட்ட ஒரு மரத்தை வானிலைக்காரர்கள் தினம் போய்ப் பார்த்து, அதில் ஐந்தாறு பூ விரிந்துவிட்டால் ஊரில் பூத்துவிட்டது என்று அறிவிப்பார்களாமே. அந்த யோஷினோ வகை முழுதும் ஒட்டுக் கட்டி வளர்த்ததால், ஒரு மரத்துக்கு என்ன உடம்போ அதே உடம்புதான் அத்தனைக்கும், அதனால்தான் ஒரு ஊரில் ஒரே சமயத்தில் பூக்கிறதாம். இதெல்லாம் நான் இங்கே ரங்கூனில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். மார்ச் கடைசியில் வந்து, இரண்டு வாரத்துக்குள் போய்விடுகிற பூ. நீ வேலைக்குப் போகிற வழியில் நிச்சயம் இருந்திருக்கும். நீ பார்க்கவில்லை.

அடுத்தது தொடர். இங்கிலாந்துப் பையன் டாக்டர் ஹூ கட்சியாம். 1963-ல் ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை என்றும், 1966-லிருந்து கதாநாயகன் ஆளையே மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறார்கள் என்றும் பாப்பா விளக்கினாள். நீலப் பெட்டி ஒன்றில் ஏறினால் காலத்தில் முன்னாலும் போகலாம், பின்னாலும் போகலாமாம். உனக்கு அப்படி ஒரு பெட்டி கிடைத்தால் எந்த வருஷம், எந்தப் பங்குனிக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கட்சி, விண்வெளி நிலையம் ஒன்றில் நடக்கிற டீப் ஸ்பேஸ் நைன்தான், பழைய கட்சி. சூலே பக்கம் நடைபாதையில் நீ வாங்கிய டிஸ்க் பெட்டி இன்னும் பீரோ மேலேதான் இருக்கிறது. நீயும் நானும் பார்த்தோம், அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள். இவ்வளவு பெரிய இடம் கட்டியிருக்கிறார்களே, ஒரு செடி இல்லையே என்று கேட்டாள். கெய்கோ என்று ஒரு ஜப்பான்காரப் பெண் அதில் தாவர ஆராய்ச்சிக்காரிதான், அங்கே அவளுக்கு அந்த வேலை இல்லாததால் பள்ளிக்கூடம் நடத்துகிறாள் என்று நீ சொன்னாய். பாவம் என்றாள் அம்மா. அப்புறம் அவள் வரும்போதெல்லாம் கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பாள்.

எந்தக் கதை ரொம்பப் பிடிக்கும் என்று யார் கேட்டாலும் நீ 'தி விசிட்டர்' என்றுதான் சொல்கிறாயாம். 1995-ல் வந்தது. எனக்கு மறந்துபோயிருந்தது. போன வாரம் மின்சாரம் வந்த ஒரு ராத்திரி பாப்பாவின் கம்ப்யூட்டரில் போட்டுத் தனியாகப் பார்த்தேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்த தகப்பன் அந்த சிஸ்கோ. ஒரே மகன் ஜேக். விபத்தில் தகப்பன் மகனின் கண்ணெதிரே மறைந்துபோகிறான். சாகவும் இல்லை, இருக்கவும் இல்லை. பல வருஷத்துக்கு ஒருதடவை சில நிமிஷம் தோன்றுவான், அப்போது மகனுக்கு வயசாகியிருக்கும், தகப்பன் அப்படியே இருப்பான். மகன் கதை எழுதுகிறவன், நல்ல பெயர் வாங்கியவன், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அப்பாவைத் திரும்பக் கொண்டுவருகிற ஒரே வேலையில் விழுகிறான். கட்டினவளும் பிரிந்துபோகிறாள். கடைசியில் கிழவனாகி, அப்பா வரும் நேரம் பார்த்துத் தன் உயிரையே கொடுத்து அவரைப் பழைய நிமிஷத்துக்கு அனுப்பிவிடுகிறான்.

அந்த முடிவுதான் உலகத்திலேயே சிறந்த முடிவு என்று நீ வாதாடினாயாம். பாப்பா அதைச் சொன்னபோது அவள் கை நடுங்கியது. அவள் எதற்கு என்னிடம் வந்து சொன்னாள் என்று யோசித்துப் பார்.

எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை தம்பி. நன்றாக எடுத்திருக்கிறார்கள், நானும் அழுதேன், ஆனால் பிடிக்கவில்லை. நடுவில் ஒரு இடம் வருகிறது. தகப்பன் தோன்றுகிறான், மகன் தனியாளாகத் தனக்காகவே கிடக்கிறான் என்று தெரிந்து துடிக்கிறான், என்னை விடு, நீ வாழ் என்று கெஞ்சுகிறான். மகன் கேட்கவில்லை. எந்தத் தகப்பனும் தாயும் அந்த விலைக்குத் திரும்பி வர மாட்டார்கள். உன் அம்மா வரவே மாட்டாள். உன் ஒரு பல்லுக்கு வலி என்றாலே சாப்பிடாமல் கிடந்தவள் அவள்.

அதே கதையின் ஆரம்பத்தை நீ யாரிடமும் பேசுவதே இல்லையாம். அங்கே விண்வெளியில் குறுக்குவழி மாதிரி இருக்கிற ஒரு புழுத்துளை 50 வருஷத்துக்கு ஒருமுறை உருமாறுகிறது. அதைப் பார்க்கத்தான் தகப்பன் மகனைக் கப்பலில் கூட்டிப்போகிறான். மகன் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறான். கொஞ்சம் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார் என்கிறான் தகப்பன். அந்த இடத்தை நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் பட்டாளத்தில் கட்டாயம் சேரவேண்டும் என்ற அந்த அறிவிப்பு வந்ததும் உன்னை அனுப்பினோம். ஆண் பிள்ளைகள் 18 முதல் 35 வரை என்றார்கள். 35 முடிகிற வரை இந்த மண்ணை மிதிக்காதே என்று சொன்னவன் நான். அம்மா படுக்கையில் விழுந்தபோதும் அதையே சொன்னேன், போனபிறகும் சொன்னேன், நாளைக்குக் கேட்டாலும் சொல்வேன். அதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது. கடைசி வாரம் அவள் கேட்டதெல்லாம் நீ அங்கேதானே இருக்கிறாய், கிளம்பி வந்துவிடவில்லையே என்பதுதான். உன் இடத்தில் வேறொருவன் கொள்ளி வைத்தான் என்றால் அது உன் கையாகத்தான். மேல்வீட்டு மாமி என்ன சொன்னாள் என்று உனக்கு யார் எழுதினார்களோ தெரியாது. இங்கே யாராவது ஒரு வார்த்தை பேசினால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். நீ பதில் சொல்லவேண்டியவன் இல்லை.

ஊராரைப் பெற்ற அம்மாக்களுக்கு நீ தினமும் தலை வாரிவிடுகிறாய். கோயிலில் பார்க்கிற எல்லாரிடமும் என் மகன் ஜப்பானிய மொழிப் பரீட்சையில் மூன்றாம் நிலை பாஸ் பண்ணி இந்த வேலை செய்கிறான் என்று சொல்லாமல் நான் வீடு திரும்புவதில்லை. இதை உன்னிடம் சொன்னதில்லை, அதனால் எழுதுகிறேன்.

மனசு தாங்காத ராத்திரி என்றால் உடனே எனக்குப் போன் போடு. எத்தனை மணி ஆனாலும் சரி. லைன் கிடைக்கவில்லையென்றால் கூட இருக்கிற அந்த நேபாளிப் பையனை எழுப்பு, அவன் ஒன்றும் நினைக்க மாட்டான். உங்கள் இல்லத்திலேயே ஊழியர்களைக் கூப்பிட்டுப் பேசுகிற அம்மாள் ஒருவர் இருக்கிறார் என்று நீதானே முன்பு சொன்னாய், அவரிடம் போ. வெட்கப்படாதே. நண்பர்களோடு பேசுவதை நிறுத்தாதே, நான் அதைக் குறை சொல்லவில்லை. தூங்கு என்றுதான் சொல்கிறேன்.

வேறு செய்தி அதிகம் இல்லை. பாட்டிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. உளுந்து விலை ஏறியதால் கடையில் வேலை இருக்கிறது. நீ அனுப்பிய பணம் வந்தது. இனிமேல் பாதி அனுப்பு போதும், மீதியில் நல்ல செருப்பும் ஒரு குளிர்ச் சட்டையும் வாங்கு. அம்மாவின் திதிக்கு அனோரத்தா ரோடு காளி கோயிலில் சொல்லிவைத்திருக்கிறேன். அன்றைக்கு நீ அங்கே விரதம் கிரதம் என்று பட்டினி கிடந்து வேலைக்குப் போகாதே. முடிந்தால் லீவு போடு.

செர்ரி இந்நேரம் உங்கள் ஊரில் முடிந்திருக்கும். அங்கே சித்திரையில் ஃபுஜிக் கொடி ஊதாவாய்த் தொங்குமாம், பாப்பா படம் காட்டினாள், நம் கொன்றையை நிறம் மாற்றிக் கட்டிவிட்டதுபோல இருந்தது. பக்கத்தில் எந்தப் பார்க்கில் இருக்கிறது என்று விசாரித்து லீவு நாளில் போய் ஒரு படம் எடு. எனக்கு அனுப்பு, உன் நண்பர்களுக்கும் போடு. நீயும் அதில் நிற்க வேண்டும். வெறும் பூ மட்டும் அனுப்பினால் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா