சீட்டில் தேதி எழுதித் தாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனை என்றால் கூட்டம் இருக்கும், வரிசை இருக்கும். காத்திருக்க மாட்டோம் என்று எங்கள் குமரி மாவட்டத்தில் யாரும் அடம்பிடிக்கவில்லை. எந்த நாள் வரை என்று சொல்லாமல் இழுத்தடிப்பதுதான் தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். குடலிறக்க ஆபரேஷனுக்காக ஓர் அரசு மருத்துவமனைக்கு அவருடன் துணைக்குப் போனேன். மேசையில் கிடந்த நீள நோட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். "நான் எத்தனையாவது ஆள்?" என்று அவர் கேட்டதும் ஊழியர் நோட்டை மூடினார். "அடுத்த வாரம் வந்து பாருங்கள்." அடுத்த வாரமும் அதே பதில்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் விடியற்காலை வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. மழைக்காலத்தில் ஏற்கெனவே பாதி நாள் வேலை கிடையாது. பொறுத்துப் பார்த்துவிட்டு விளவங்கோடு பக்கத்து ஆட்கள் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். முடியாதவர்கள் வட்டிக்கு வாங்கித் தனியாரிடம் போகிறார்கள்.

தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018இல் வெளியான நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் உள்ளன. தகவல் பெறலாம், புகார் சொல்லித் தீர்வு கேட்கலாம். இத்தனை நாளுக்குள் சிகிச்சை என்ற வரி மட்டும் அதில் இல்லை. ரயிலிலிருந்து விழுந்த மேற்கு வங்கத் தொழிலாளியைப் படுக்கை இல்லையென்று அரசு மருத்துவமனைகள் அலையவிட்ட வழக்கில், அது உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவை மீறிய செயல் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது, ரூ.25,000 இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது உயிருக்குப் போராடியவரின் வழக்கு. குடலிறக்கத்துக்கும் கண்புரைக்கும் காத்திருப்பவர் அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பார்?

இதற்குப் புதிய கட்டடமோ கூடுதல் நிதியோ வேண்டாம். ஓ.பி. சீட்டிலேயே வரிசை எண்ணையும் உத்தேசத் தேதியையும் எழுதி முத்திரை வையுங்கள். தேதி தள்ளிப்போனால் முந்தைய நாளே போனில் சொல்லுங்கள். நம்பரைத்தான் பதியும்போதே வாங்கிவிடுகிறீர்களே! இடையில் வலி கூடினால் யாரைப் பார்ப்பது என்பதும் சீட்டில் இருக்கட்டும். நோட்டைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. அடுத்தவர் நோய் எங்களுக்கு எதற்கு, எங்கள் எண் தெரிந்தால் போதும்.

மாவட்ட ஆட்சியரும் நலப்பணிகள் இணை இயக்குநரும் இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அருமனை.