பெயர்களைப் படித்துக் காட்டிய தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அப்பா காணாமற்போனதிலிருந்து பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கிடைக்கும் வரை எங்கள் குடும்பத்துக்கு எப்படிக் கழிந்தது என்பதை, அப்பாவின் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்த உங்களுக்கு நான் மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. அப்பா நலமாக இருக்கிறார். இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், பக்கத்து அறையில் ஒலி 96.8 வானொலியின் பழைய பாடலுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்பாவும் நானும் கலந்துகொண்ட வழிகாட்டி நடையை ஏற்பாடு செய்த தொண்டூழியர்கள், சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தின் ஊழியர்கள், முக்காலியில் பொருத்திய தொலைநோக்கிகளை அப்படியே விட்டுவிட்டு மரப்பலகைப் பாதை நெடுக ஓடித் தேடிய பறவை ஆர்வலர்கள், காவல்துறையினர், 925-ஆம் எண் பேருந்தின் ஓட்டுநர்கள், எனக்கு ஒரு புட்டி ஹண்ட்ரட் பிளஸ் பானம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன சீன மூதாட்டி ஆகிய எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தனித்தனியாக எழுதாததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் உள்ள 84 வயதுக்காரரை அவ்வளவு தூரம் ஏன் அழைத்துப் போனாய் என்று கேட்டவர்களும் சிலர் உண்டு. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அப்பாவே விரும்பிக் கேட்ட நடை அது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நடையில் வந்தவர்களுக்கு அன்றைய காலை நினைவிருக்கும். நீர் வற்றியிருந்த நேரம். அலையாத்தி வேர்களுக்கு நடுவே மீன்கள் சேற்றில் தாவிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் இறால் வளர்த்த குட்டைகளில், குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்திருந்த பவளக்கால் உள்ளான்கள் வரிசையாக நின்றிருந்தன. அப்பா பறவைகளைப் பார்க்கவில்லை. நீரிணைக்கு அப்பால் தெரிந்த மலேசியாவின் ஜொகூர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிராஞ்சி நீர்த்தேக்கப் பூங்காவின் போர் நினைவுப் பலகை அருகில் நம்மை நிறுத்தி, 1942 பிப்ரவரி 8 இரவு சரிம்புன் கரையில் ஜப்பானியர்கள் இறங்கியதையும், மறுநாள் இரவு கிராஞ்சி ஆற்றுக்கும் ஜொகூர் பாலத்துக்கும் இடையில் இறங்கியவர்களை ஆஸ்திரேலியப் படையினர் எதிர்த்ததையும், உட்லண்ட்ஸ் எண்ணெய்க் கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய் தீப்பிடித்து நீரின்மேலே எரிந்ததையும் வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பா என் கையைப் பிடித்து, "அப்போ எங்கப்பா எங்க இருந்தாரு?" என்று கேட்டார். நடை கிராஞ்சிப் போர்க் கல்லறையில் முடியும், அங்கே ஆயிரக்கணக்கான பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நானேதான் அவருக்குச் சொன்னேன். அதன் பிறகு அவர் எங்கள் கண்ணில் படாமல் தனியே போய்விட்டதையும் நாம் தேடி அலைந்ததையும் நீங்கள் அறிவீர்கள்.

என் தாத்தாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தம்பி செய்தது என்னவென்று புரியாது. அவர் போர்வீரர் அல்லர்; ஜொகூரில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். 1943-இல், தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது அப்பாவுக்கு இரண்டு வயது நிறையவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை அந்த ஆண்டு அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், தாத்தா வரவில்லை. செத்தார் என்று யாரும் வந்து சொல்லாததால், பாட்டி கடைசிவரை பொட்டையும் அழிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை.

கிராஞ்சியின் நினைவுச் சின்னத்தில், உடல் கிடைக்காமற்போன 24,000-க்கும் மேற்பட்ட காமன்வெல்த் படையினரின் பெயர்கள் தூண் தூணாகச் செதுக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் ஏராளம். அதற்குப் பின்னால், தத்தம் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனியாக ஒரு சின்னமும் இருக்கிறது. சயாமில் காலராவிலும் பசியிலும் மடிந்த பல்லாயிரம் தோட்டத் தமிழர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் படைவீரர்கள் அல்லர் என்பதே காரணம். அது படையினருக்கென்றே எழுப்பப்பட்ட இடம் என்பதால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தூணின் முன்னால் போய் நின்ற என் அப்பாவுக்கு இந்த வேறுபாட்டை யார் விளக்க முடியும்?

அங்கேதான் அந்தத் தம்பி அவரைப் பார்த்திருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை, விடுதி அருகிலேயே. வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாளில், லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய் ஊருக்குப் பணம் அனுப்பப் புறப்பட்டவர், மேட்டில் வெயிலில் ஒரு தமிழ்ப் பெரியவர் தனியாக நிற்பதைக் கண்டு ஏறி வந்திருக்கிறார். "தம்பி, எங்கப்பா பேரு இதுல இருக்கான்னு பாரு, எனக்குக் கண்ணு தெரியல" என்று அப்பா கேட்டிருக்கிறார். மகள் பின்னால் வருகிறாள் என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே அவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அந்தத் தம்பிக்குத் தெரிய வழியில்லை. அறைத்தோழர் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. உடனே என்னை அழைத்தார். "பதறாதீங்கக்கா, மெதுவா வாங்க, நான் கூடவேதான் இருக்கேன்" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்ட காட்சி இது. அப்பா நிழலில், தூணில் உள்ளங்கையைப் பதித்தபடி உட்கார்ந்திருக்கிறார். தலையில் அந்தத் தம்பியின் தொப்பி. தம்பி நுனிக்காலில் நின்று, விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டு, ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி ஒவ்வொரு பெயராக உரக்கப் படிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் அப்பா தலையை ஆட்டி, "இது இல்ல, அடுத்தது" என்கிறார். தம்பியின் இடது உள்ளங்கையில் நீல மைப் பேனாவால் என் தாத்தாவின் பெயர் தமிழில் எழுதியிருந்தது. மறந்துவிடக் கூடாதே என்று எழுதிக்கொண்டாராம். வியர்வையில் முதலெழுத்து கரைந்து போயிருந்தது. இப்படியே இரண்டு மணி நேரம் ஓடியிருக்கிறது. அத்தனை நேரத்திலும் ஒரு தூணின் ஒரு பக்கத்தைக்கூட அவர்கள் முடிக்கவில்லை.

அப்பாவைக் காரில் ஏற்றிய பிறகு, அந்தத் தம்பியைத் தனியே அழைத்து, என் தாத்தா பட்டாளத்துக்காரர் இல்லை, அந்தப் பெயர் இதில் இருக்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தெரியும்க்கா. சயாமுக்குப் போனாருன்னு ஐயா முதல்லயே சொல்லிட்டாரு. பலகையில சோல்ஜருன்னுதான் போட்டிருக்கு" என்றார். பிறகு ஏன் படித்தீர்கள் என்று கேட்டேன். "இல்லன்னு நான் எப்படிக்கா சொல்றது? அவரே தேடிப் பாத்துக்கட்டுமேன்னுதான்" என்றார்.

பணம் கொடுக்கப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொப்பியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். தேக்காவுக்குப் போக நேரமாகிவிட்டது என்று கிளம்பியவரின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. தம்பி, இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால், என் பாட்டி ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த ஒரு பெயருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் உட்பட எங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்ததில்லை. தாத்தாவைப் பற்றி அப்பா பேச்செடுத்தபோதெல்லாம் "சாப்பிடுங்கப்பா" என்று பேச்சை மாற்றியவள் நான். உங்களுக்கு நன்றி சொல்ல உட்காரும்போது இதையும் ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

மருத்துவமனையில் இருந்த இரண்டு நாளும் அப்பா திரும்பத் திரும்பக் கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் பையன் எதுவரைக்கும் படிச்சான்?" என்பதுதான். நல்ல வேளையாக, அவர் நிறுத்திய வரியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மருத்துவர் சரி என்று சொன்ன நாள் முதல், வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம், மடக்கு நாற்காலியோடு அப்பாவை அங்கே அழைத்துப்போய் அந்த வரியிலிருந்து நான் படிக்கப் போகிறேன். கூடவே தாத்தாவோடு அந்த லாரியில் போனவர்களாகப் பாட்டி சொன்ன பதினொரு பெயர்களையும், அப்பா இன்னும் மறக்காதிருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது வந்திருக்கின்றன.

மறுபடியும் எல்லோருக்கும் நன்றி. தம்பி, உங்கள் தண்ணீர் புட்டி எங்கள் காரிலேயே தங்கிவிட்டது. கழுவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு மகள்